கதைக்குள்ளேயே முடிந்துபோகிற துணுக்கு எதற்கு?

14 ஜூலை 2024, ஞாயிறு

போன வாரத் தாளின் ஓரத்தில் வாசகர் ஒருவர் பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்:

"ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலிக்கு அந்தப் பெயர் ஒரு குமாஸ்தாவின் பிழையால் வந்தது, தெரியுமா? என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் நினைத்திருந்தால் அதற்கு முருகேசன் என்றுகூடப் பெயர் வைத்திருக்கலாம். கற்பனையில் எது வேண்டுமானாலும் நடக்கும். இதில் நான் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?"

பெயர் போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் கல்லூரிப் பிள்ளை மாதிரி தெரிகிறது.

அந்தத் துணுக்கை எழுதியது நான். பதிலும் நானே எழுதுகிறேன். குழுவில் மற்றவர்கள் சொல்வதையும் இந்தக் குறிப்பேட்டிலேயே சேர்த்துக்கொண்டு போகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நாங்கள் ஆறு பேர். நான்கு பேர் புதுச்சேரி, நானும் ஒரு தம்பியும் கடலூர். வாரம் ஒரு தாள், அதில் எட்டுத் துணுக்கு. எல்லாம் 'தெரியுமா?' என்று முடியும். ஞாயிறு காலை நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். யாருக்கும் சம்பளம் கிடையாது, அச்சுச் செலவை முறை வைத்துக்கொள்கிறோம். அறிவியல், வரலாறு என்றால் எங்களுக்குள் பேச்சே வளராது. நாவல் என்றால்தான் ஒவ்வொரு முறையும் டீ ஆறிப்போகிறது.

என் பதில் இதுதான். யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவல் 2001இல் வந்தது, அடுத்த ஆண்டு புக்கர் பரிசு பெற்றது. புதுச்சேரியில் தொடங்கி, நடுக்கடலில் ஒரு படகில் புலியோடு மாட்டிக்கொள்கிற பை என்ற பையனின் கதை. புலிக்குட்டிக்கு வைத்த பெயரும் அதைப் பிடித்த வேட்டைக்காரரின் பெயரும் காகிதத்தில் இடம் மாறிப்போகிற அந்தப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைக் காட்டி ஒருவரைப் புத்தகத்தைக் கையில் எடுக்க வைத்தால் அது போதாதா?

15 ஜூலை, இரவு

போதாது என்கிறார் தம்பி. போனிலேயே முக்கால் மணி நேரம்.

அவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் சில கட்டுரைகள் எழுதியவர். அங்கே முதற்பக்கத்தில் இதே மாதிரி 'தெரியுமா' பகுதி 2004 முதல் ஓடுகிறது. எழுதுகிறவர்களும் சரிபார்க்கிறவர்களும் நம்மைப் போலத் தன்னார்வலர்கள்தான். அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: கற்பனைப் படைப்பைப் பற்றியோ கற்பனைப் பாத்திரத்தைப் பற்றியோ துணுக்கு எழுதினால், அது ஏதாவது ஒரு வகையில் நிஜ உலகத்தைத் தொட வேண்டும். கதைச் சம்பவத்தை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது.

"அக்கா, நீங்க போட்டது அந்த விதியில நிக்காது" என்றார். "நம்ம விதி இல்லையே தம்பி" என்றேன். "அப்ப நம்ம விதி என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. மூன்று வருடமாகத் தாள் போடுகிறோம், கதைத் துணுக்குக்கு என்று ஒரு வரிகூட நாங்கள் எழுதி வைக்கவில்லை.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அங்கே ஒரு துணுக்கு 200 எழுத்துக்குள் இருக்க வேண்டுமாம். நமக்கும் அப்படி ஒன்று வைக்கலாம் என்று கணினியில் எண்ணிப் பார்த்தால், 'தெரியுமா' என்ற நான்கெழுத்துச் சொல்லை அது எட்டு என்று எண்ணுகிறது. கொம்பு, கால், விசிறி எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாம் சொற்களை எண்ணுவோம், 30 சொல். இதில் மட்டும் உடனே ஒத்துப்போனோம்.

17 ஜூலை

தூக்கம் வராமல் தேடினேன். பென்சில் வாசகர் கேட்டது சரி. என் துணுக்கு வெறும் கதைச்சுருக்கம். அதற்குப் பின்னாலேயே இவ்வளவு பெரிய விஷயம் கிடந்திருக்கிறது, அதை நான் விட்டுவிட்டேன்.

1838இல் எட்கர் ஆலன் போ ஒரு நாவல் வெளியிட்டார். அவர் எழுதி முடித்த நாவல் அது ஒன்றுதான். அதில் கப்பல் சிதைந்து நான்கு பேர் பட்டினியில் கிடக்கிறார்கள். ஒருவரை மற்றவர்கள் தின்று பிழைப்பது என்று முடிவாகிச் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு விழுந்தவன் பெயர் ரிச்சர்ட் பார்க்கர்.

1884இல், அதாவது 46 வருடம் கழித்து, 'மிக்னோனெட்' என்ற சிறு கப்பல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் மூழ்கியது. படகில் தப்பியவர்கள் நான்கு பேர். 17 வயதுக் கப்பல் பையன் கடல்நீரைக் குடித்து நோயில் விழுந்தான். அவனைக் கொன்று தின்றுதான் மற்றவர்கள் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பையன் பெயரும் ரிச்சர்ட் பார்க்கர். இது நிஜமாக நடந்தது. வழக்கு நடந்து, பசிக் கொடுமை என்பது கொலைக்கு நியாயமாகாது என்று தீர்ப்பு வந்தது. இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிற வழக்கு. இருவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள்.

படகில் பையனோடு போகிற புலிக்கு மார்ட்டெல் இந்தப் பெயரை வைத்தது இதனால்தான். குமாஸ்தா பிழை என்பது கதைக்குள் சொல்லிக்கொள்கிற காரணம். வெளியே இருக்கிற காரணம் இது.

நேற்று வரை எனக்கு அந்தப் பெயர் வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தைப் படிக்க வயிற்றைப் பிசைகிறது. தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: விதி வேண்டும்.

21 ஜூலை, ஞாயிறு

கூடினோம். ஆறு பேரும் வந்தது அதிசயம். விதி இப்படி முடிவானது: கதையைப் பற்றிய துணுக்கில் நிஜ உலகத்து மனிதர், இடம், தேதி, சம்பவம் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இடம் பெயர் இருந்தா போதுமா? குயில் பாட்டுல புதுவை வருது. குயில் பேசினது நிஜமாயிடுமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். சிரித்திருக்கக் கூடாது, அடுத்த வாரமே தெரிந்துபோனது.

இந்த வாரத் தாளில் 1884 துணுக்கு போனது. அதோடு நான் எழுதிய இன்னொன்றும்: 'நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு முதியவர் சொன்ன கதைதான் லைஃப் ஆஃப் பை நாவலாக வளர்ந்தது, தெரியுமா?' நிஜ உலகத்து இடம், நம் ஊர் இடம். விதிப்படி எல்லாம் சரி.

28 ஜூலை, ஞாயிறு

திருத்தம். மேலே சொன்ன காபி ஹவுஸ் துணுக்கு தவறு.

காபி ஹவுஸில் தினமும் உட்காருகிற பெரியவர் ஒருவர் நூலகத்துக்கே வந்து சொன்னார். கோபமாக இல்லை, வருத்தமாக. "ஏம்மா, அந்தப் பெரியவரும் கதைல வர்ற ஆளுதானே? அவரை நிஜம்னு போட்டுட்டீங்களே."

எடுத்துப் பார்த்தேன். நாவலின் முன்னால் 'ஆசிரியர் குறிப்பு' என்று சில பக்கங்கள் இருக்கின்றன. ஆசிரியர் இந்தியா வந்தது, வேறொரு நாவல் எழுத முயன்று கைவிட்டது, காபி ஹவுஸில் முதியவர் பேச்சுக் கொடுத்தது எல்லாம் அதில் வரும். முன்னுரை என்று நினைத்துப் படித்துவிட்டேன். ஆனால் அந்த முதியவர் பெயரே நாவலுக்குள் வருகிறது, பையனுக்கு நீச்சல் கற்றுத் தருகிறவரே அவர்தான். கதை தொடங்கும் முன்பே கதை தொடங்கிவிட்டது, நான் கவனிக்கவில்லை.

அதே குறிப்பின் முடிவில் பிரேசில் எழுத்தாளர் மோவாசிர் ஸ்க்லியாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார், கதைப்பொறி அவரிடமிருந்து வந்தது என்று. ஸ்க்லியார் நிஜ மனிதர், அந்த நன்றியும் நிஜம். சில பக்கங்களுக்குள் ஒரு கற்பனைக் கிழவர், ஒரு நிஜ எழுத்தாளர், நிஜ நேரு வீதி. நம் விதிக்கு இவற்றைப் பிரிக்கத் தெரியவில்லை. ஐயா போன வாரம் கேட்டது இதைத்தான்.

சரி, விதியை மாற்ற வேண்டும். துணுக்கில் நிஜ உலகத்தின் பெயர் இருப்பது முக்கியமில்லை. துணுக்கு சொல்கிற சங்கதிக்குப் புத்தகத்துக்கு வெளியே சாட்சி இருக்க வேண்டும்.

28 ஜூலை, மாலை

பூங்காவைப் பற்றியும் அதே சோதனை. நம் தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கியது, சாட்சி இருக்கிறது. அங்கே பையனின் அப்பா விலங்குக் காட்சிசாலை நடத்தினார் என்பது கதை. பையனுக்குப் பெயர் கொடுத்த பிசின் மோலிடோர் நீச்சல்குளம் பாரிஸில் நிஜமாகவே இருக்கிறது, 1929இல் திறந்தார்கள். 2012இல் வந்த படத்துக்கு நம் ஊரிலும் படம் பிடித்தார்கள், ஆனால் நடுக்கடல் காட்சிகளுக்குத் தைவானில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். படப்பிடிப்பைக் கூட்டத்தில் நின்று பார்த்த கதையை எங்கள் குழுத் தங்கை ஒருத்தி அரை மணி நேரம் சொன்னாள். அதற்குச் சாட்சி அவள் மட்டும்தான், துணுக்காக்க முடியாது. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று ஆடிப் பதினெட்டு. நானும் தம்பியும் கடலூரிலிருந்து சிதம்பரம் போய், பஸ் மாறிக் காட்டுமன்னார்கோயில் போனோம். 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது இதே நாளில், இதே வீராணம் ஏரிக்கரையில். 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்த கதை. ஏரி அதைவிட ஆயிரம் வருடம் மூத்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தது, வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர், வீராணம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இன்று சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் இந்த ஏரித் தண்ணீரும் உண்டு.

கரையில் பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குதிரைச் சத்தத்தை எதிர்பார்த்து நின்றேன் என்றால் நம்புவீர்களா? எட்டாம் வகுப்பில் படித்ததிலிருந்து அந்தக் கரையில் எனக்கு வந்தியத்தேவன்தான் தெரிகிறான்.

ஆனால் போன காரியம் ஏரி இல்லை, உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்கள் நிலமும் உறவினர் நிலமும் விற்கப்பட்டதைச் சொல்கிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேசுவரன். ரவிதாசன்! சிறு வயதில் ஆந்தை மாதிரிக் கத்துகிறவன் என்று பயந்தேனே, அவன் பெயர் கல்லில் இருக்கிறது. பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்று பட்டத்தோடு இருக்கிறது. கதையில் மந்திரவாதி, கல்லில் அரசுப் பட்டம் வாங்கிய அதிகாரி.

கோயிலில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் நாங்கள் சுவரையே பார்ப்பதைக் கவனித்து, "நந்தினி பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். நந்தினி கல்கியின் கற்பனை என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியா? எவ்வளவு அழுதிருக்கேன் அவளுக்காக" என்றார். எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. நந்தினிக்குக் கல் இல்லை, இந்த அம்மாவின் கண்ணீர் இருக்கிறது. அதை எந்த விதியில் சேர்ப்பது?

5 ஆகஸ்ட்

மேலே எழுதியதற்குத் தம்பி பதில்: "கண்ணீர் ஆதாரம் ஆகாது அக்கா." சரிதான். ஆனாலும் நான் அதை அடிக்கப் போவதில்லை.

வந்தியத்தேவன் எந்தப் பக்கம் என்று தங்கை கேட்டாள். நிஜம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் பெயர் வருகிறது. ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் கற்பனை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று நடந்தது விவாதம் இல்லை, சண்டை. ஐயாவும் தம்பியும்.

ஐயா கொண்டுவந்த துணுக்கு ஜெயகாந்தனைப் பற்றியது. 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்'. மழையில் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். பெரிய சர்ச்சையான கதை. பிறகு அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தம்பி சொன்னது: இரண்டும் கதை. ஒரு கதையில் தாய் இப்படி, இன்னொன்றில் அப்படி. வெளியே சாட்சி எங்கே?

ஐயா சொன்னது: "ஒரு மனுஷன் தன் முடிவை மாத்தி எழுதினாரே, அது கதைக்குள்ள நடந்ததா? மேசைல நடந்தது!"

ஐயா இப்படிக் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் ஐயா பக்கம். எழுதினவர் கை மாறியது நிஜ உலகத்துச் சம்பவம். அச்சான இரண்டு பிரதிகளும் அதற்குச் சாட்சி. எனக்கு இதில் ஒரு பாசமும் உண்டு, மறைக்கவில்லை. ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். என் வீடும் மஞ்சக்குப்பம். பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் அவர் நினைவு வராத நாள் குறைவு.

நான்குக்கு இரண்டு. துணுக்கு போகிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

போயிருக்கக் கூடாது. தம்பி சொன்ன காரணத்தால் இல்லை, நாங்கள் ஒருவருமே யோசிக்காத வேறொரு காரணத்தால்.

நூலகத்துக்கு வாரம் இருமுறை வருகிற அக்கா ஒருவர். வீட்டு வேலை முடித்து மதியம் ஒரு மணி நேரம்தான் படிக்கக் கிடைக்கும் அவருக்கு. ஜெயகாந்தன் சிறுகதைத் தொகுப்பைப் பாதி படித்து வைத்திருக்கிறார். அக்கினிப் பிரவேசம் இன்னும் வரவில்லை. பலகையில் எங்கள் துணுக்கு. தாய் தண்ணீர் ஊற்றுகிற இடத்தை நாங்களே சொல்லிவிட்டோம். "அந்தப் பக்கத்துக்கு நானா போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டேன்.

தங்கை சொல்கிறாள், 1966இல் வந்த கதை, இவ்வளவு வருடத்துக்குப் பிறகு முடிவைச் சொல்வதில் தப்பில்லை என்று. எனக்கு ஒப்பவில்லை. அந்த அக்காவுக்கு அது அடுத்த வாரம் வரப்போகிற கதை.

தம்பி இங்கே உதவிக்கு வந்தார், அதுவும் தான் எதிர்த்த துணுக்குக்கு. முடிவைத் தொடாமல் இப்படி எழுதலாம் என்றார்: 'சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலில் நாயகி கங்கா படிக்கிற சிறுகதை, ஜெயகாந்தன் நிஜமாகவே 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய கதை, தெரியுமா?' எண்ணினால் 17 சொல். வெளியே சாட்சி இருக்கிறது, எந்த முடிவும் உடையவில்லை. நாவலுக்குள் அதை எழுதியவராக ஆர்.கே.வி. என்ற பாத்திரம் வருகிறார், 1977இல் வந்த படத்தில் அவராக நடித்தவர் நாகேஷ். படிக்கிறவர் தானே தேடிப் போவார்.

ஐயா தம்பியின் தோளைத் தட்டினார். போன வாரத்துச் சூடு அதோடு போயிற்று.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இப்போதைக்கு எழுதி ஒட்டியிருப்பது:

கதைத் துணுக்கு சொல்கிற சங்கதிக்குப் புத்தகத்துக்கு வெளியே சாட்சி வேண்டும். கல்வெட்டு, வழக்குத் தீர்ப்பு, பத்திரிகை இதழ், போய்ப் பார்க்கக்கூடிய இடம், எதுவாகவும் இருக்கலாம். முன்னுரை, ஆசிரியர் குறிப்பு மட்டும் சாட்சி என்றால் இன்னொருவர் அந்த நூலை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கதை முடிவைச் சொல்லக் கூடாது, எத்தனை பழைய கதையானாலும்.

ஆசிரியர் குறிப்பு பற்றிய வரி என்னால் வந்தது. இருக்கட்டும்.

பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலுக்கு இந்த விதி அழகாகப் பொருந்துகிறது. அதில் வரும் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பே கையில் இருக்கிறது, நாவல் எங்கே அதை ஒட்டி நடக்கிறது, எங்கே விலகுகிறது என்று பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஐயா அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மாதம் ஆகும் என்கிறார், ஆகட்டும்.

பென்சில் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். 1884 துணுக்கின் பக்கத்தில்: "இது துணுக்கு. போவின் நாவல் இங்கே கிடைக்குமா?" நம் நூலகத்தில் இல்லை. என் பிரதியை மேசையில் கொடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, அல்லது தங்கை.

1 செப்டம்பர், ஞாயிறு

ஐயா முதல் நாள் கேட்ட குயில் பாட்டு இன்னும் பாக்கி.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். பாட்டில் மாஞ்சோலை தென்புதுவைக்கு மேற்கே சிறு தொலைவில் என்று வருகிறது. இன்று ஊரில் எல்லோரும் குயில் தோப்பு என்று காட்டுவது கருவடிக்குப்பத்தில், சித்தானந்தர் கோயில் பக்கம். அது ஊருக்கு வடமேற்கு. தம்பி திசையைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் உள்ள தோப்பும் அதுவும் ஒன்றென்று துணுக்கு போட முடியாது என்கிறார். ஐயா, பாட்டுக்கு எதுகை மோனை வேண்டும், நில அளவைக்காரர் மாதிரிக் கவிஞர் திசை சொல்ல மாட்டார் என்கிறார். எனக்கு அந்தப் பாட்டின் முடிவே நினைவுக்கு வருகிறது. கனவு கலைந்து பார்த்தால் பக்கத்தில் பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் குவியல், பழம்பாய். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

உட்கார்ந்து பேசி இதைத் தீர்க்க முடியாது. வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வீட்டு வாசலில் கூடி, அங்கிருந்து கருவடிக்குப்பம் வரை நடக்கிறோம். ஐயாவுக்கு மட்டும் ஆட்டோ. தம்பி திசைகாட்டி கொண்டுவருகிறார். வருகிறவர்கள் கீழே எழுதுங்கள், இட்லிக்குச் சொல்ல வேண்டும்.